வெள்ளியா, முலாமா? பழைய மேசைக் கரண்டிகளில் ஒரு பரிசோதனைப் பெட்டியின் மதிப்பீடு

வெள்ளியைச் சோதிப்பதற்கென்று இணையக் கடைகளில் விற்கும் சிறு பெட்டிகளில் ஒன்றை வாங்கி, பழைய மேசைக் கரண்டிகள், முள்கரண்டிகள், கத்திகள் ஆகியவற்றின் மீது மட்டும் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பெட்டிக்குள் ஓர் உருப்பெருக்கி, ஒரு காந்தம், உள்ளங்கையளவு உரைகல், முப்பட்டை அரம், 200 கிராம் வரை நிறுக்கும் சட்டைப்பைத் தராசு, செந்நிற அமிலம் அடங்கிய சிறு புட்டி, நான்காக மடித்த விளக்கத்தாள் ஆகியவை இருக்கின்றன. ஏறக்குறைய இதே சரக்கு பல பெயர்களில் விற்கப்படுவதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

இத்தகைய பெட்டி நம் ஊரில் யாருக்குத் தேவை என்று கேட்கலாம். நீலகிரித் தோட்ட பங்களாக்கள் கைமாறும்போதும், சென்னையிலும் புதுச்சேரியிலும் பழைய குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யும்போதும், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் காலத்து மேசைச் சாமான்கள் கட்டுக்கட்டாகப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. கடைக்காரர் எல்லாவற்றையுமே ‘வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி’ என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மேலே இருப்பது வெள்ளிதான். ஆனால் உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த, வெள்ளி துளியும் இல்லாத ஜெர்மன் சில்வராக இருந்தால், இன்றைய வெள்ளி விலையில் வாங்குபவரின் கை சுட்டுவிடும்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் விளம்பரப்படுத்தப்படும் பொருள் அமிலம். உண்மையில் காசுக்குத் தகுந்தவை உருப்பெருக்கியும் தராசும். அமிலத்தைப் பத்துக் கரண்டிகளில் ஒன்றுக்குத் தொட வேண்டி வந்தாலே அதிகம். விளக்கத்தாளோ, இருப்பதைவிட இல்லாமல் இருந்திருந்தால் நல்லது என்னும் தரத்தில் இருக்கிறது.

உருப்பெருக்கியின் மேல் 30 என்று பொறித்திருக்கிறார்கள். அது பத்து மடங்குக்கு மேல் பெருக்குவதாகத் தெரியவில்லை. ஆனால் முத்திரை படிக்கப் பத்து மடங்கு தாராளமாகப் போதும். அதிகமாகப் பெருக்கினால் ஒரே பார்வையில் முத்திரை வரிசை முழுவதும் அடங்காது. லென்ஸ் தெளிவாக இருக்கிறது, ஓரங்களில் மட்டும் கோடுகள் சற்று வளைகின்றன. சாய்வாக விழும் காலை வெளிச்சத்தில், கரண்டியின் காம்புப் பின்புறத்தை லேசாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பார்த்தால், தேய்ந்துபோன முத்திரைகூட நிழலால் எழும்பித் தெரியும்.

நான் முதலில் பார்த்த பரிமாறும் கரண்டியில் ஐந்து குழிகள் வரிசையாக இருந்தன: முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம், கிரீடமில்லாத சிறுத்தைத் தலை, ஓர் ஆங்கில எழுத்து, ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம், செய்தவரின் பெயரெழுத்துகள். சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, அதாவது ஸ்டெர்லிங். சிறுத்தைத் தலை லண்டன் சோதனைச் சாலையைக் குறிக்கும். அது 1821க்குப் பிறகுதான் கிரீடத்தை இழந்தது. ஆட்சியாளர் முகம் வரி கட்டியதற்கான அடையாளம். அந்த வழக்கம் 1784இல் தொடங்கி 1890இல் முடிந்தது. முகம் விக்டோரியா அரசியுடையது என்பதால் கரண்டி 1837க்கும் 1890க்கும் இடைப்பட்டது என்று, சோதித்த ஆண்டைக் குறிக்கும் அந்த ஆங்கில எழுத்தை எந்த அட்டவணையோடும் ஒப்பிடுவதற்கு முன்பே சொல்லிவிட முடிந்தது. இவ்வளவு தெரிந்த பிறகு அதன் மீது ஒரு சொட்டு அமிலம் விடுவது அறிவீனம். பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம், எடின்பரோவுக்குக் கோட்டை என்பவற்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால், ஆங்கிலேயச் சாமான்களில் பெரும்பகுதியைக் கண்ணாலேயே தரம் பிரித்துவிடலாம்.

தந்திரம் நடப்பதும் இதே இடத்தில்தான். முலாம் பூசிய கரண்டி செய்தவர்கள், வாங்குபவரின் கண் எதைத் தேடும் என்பதை நன்கு அறிந்திருந்தார்கள். ஈ, பி, என், எஸ் என்ற நான்கு எழுத்துகளையும் ஒரே சொல்லாகப் பொறிக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் கேடயக் குழிக்குள், அலங்காரமான பழைய எழுத்து வடிவில் அடித்துவிடுவார்கள். கைநீட்டத் தொலைவில் பார்த்தால் அது அசல் ஹால்மார்க் வரிசை போலவே இருக்கும். லென்ஸை வைத்தால்தான் எழுத்துகள் பிரிந்து தெரியும்: நிக்கல் சில்வர் மீது மின்முலாம் பூசியது என்று அதற்குப் பொருள். 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றதிலிருந்து இந்தச் சரக்கு ஆங்கிலேயப் பேரரசு முழுவதும் பரவியது. பக்கத்தில் இருக்கும் ஏ1 என்பது முலாமின் தரத்தைச் சொல்வதே தவிர வெள்ளியின் தூய்மையைச் சொல்வதன்று. நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதும் ஆபத்து. எல்கிங்டன், மேப்பின் அண்டு வெப் போன்றவர்கள் கெட்டி வெள்ளியும் செய்தார்கள், முலாம் சாமானும் செய்தார்கள். காம்பில் ‘ஷெஃபீல்டு’ என்ற ஊர்ப் பெயர் மட்டும் முழுச் சொல்லாக இருந்தால், அது பெரும்பாலும் முலாம் அல்லது எஃகு.

எண்கள் இன்னும் மோசமாக ஏமாற்றும். ஜெர்மனியில் செய்த ஒரு முள்கரண்டியில் 90 என்று இருந்தால், தொண்ணூறு விழுக்காடு வெள்ளி என்று நினைக்கத் தோன்றும். கரண்டியும் முள்கரண்டியுமாக ஒரு டஜன் ஜோடிக்கு 90 கிராம் வெள்ளி முலாமாக ஏறியிருக்கிறது என்பதே அதன் பொருள். ஒன்றுக்கு நான்கு கிராம்கூட இல்லை. கெட்டி வெள்ளியாக இருந்தால் 800 என்ற எண்ணும், 1888 முதல் பிறையும் கிரீடமும் சேர்ந்த முத்திரையும் இருக்கும். புதுச்சேரியிலிருந்து வரும் பிரெஞ்சுச் சாமான்களில் 84 என்ற எண் இதே கணக்கில் வரும். ஆனால் அதே 84 ரஷ்ய சாமானில் இருந்தால், 96 பங்குக்கு 84 பங்கு தூய வெள்ளி, அதாவது 875 தரம், முழுக் கெட்டி. பிரெஞ்சுப் பொருளில் எண்ணைவிடக் கட்டத்தின் வடிவம் நம்பகமானது: செய்தவரின் முத்திரை சாய்சதுரத்துக்குள் இருந்தால் கெட்டி வெள்ளி, நேர்ச்சதுரத்துக்குள் இருந்தால் முலாம். கெட்டியாக இருந்தால் தலைக்கவசம் அணிந்த மினெர்வா தேவியின் முகமும் கூடவே இருக்கும். 1838 முதல் அதுதான் பிரெஞ்சு அரசின் முத்திரை. அமெரிக்கச் சாமானில் ‘1847 ராஜர்ஸ் பிரதர்ஸ்’ என்று பார்த்தால் அந்த ஆண்டில் செய்த பழைமையான வெள்ளி என்று மகிழ வேண்டாம். அந்த எண் வணிகப் பெயரின் பகுதி, பொருள் முலாம் பூசியது. பெட்டியின் விளக்கத்தாளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ‘925 என்று இருந்தால் வெள்ளி’ என்ற ஒரே வரியோடு முத்திரைப் பகுதி முடிந்துவிடுகிறது. பழைய ஆங்கிலேயக் கரண்டிகளில் 925 என்ற எண் இருக்கவே இருக்காது என்பதால், அந்த வரியை நம்பினால் நல்ல வெள்ளியையெல்லாம் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

லென்ஸைக் கொண்டு பார்க்க வேண்டிய இன்னொன்று தேய்மானம். மேசை மீது வைக்கும்போது கரண்டிக் குழியின் அடிப்புறம்தான் பலகையில் உரசும். முள்கரண்டியில் முட்களின் நுனி தட்டில் உரசும். நூறாண்டு புழங்கிய முலாம் சாமானில் இந்த இரண்டு இடங்களிலும் நிறம் மாறியிருக்கும்: சுற்றிலும் வெண்மை, நடுவில் மஞ்சள் சாயலுள்ள சாம்பல் நிறத் திட்டு, அதன் விளிம்பு தெளிவில்லாமல் கரைந்திருக்கும். கெட்டி வெள்ளி தேய்ந்தால் வடிவம் குறையுமே தவிர நிறம் மாறாது. முட்கள் குட்டையாகி, ஒரு பக்கம் சரிந்திருக்கும், வெட்டுவாய் முழுவதும் ஒரே வெண்மை. ஆனால் மீண்டும் முலாம் பூசிக் கொண்டுவந்த சாமானில் இந்தச் சோதனை பலிக்காது. அதற்கும் ஓர் அறிகுறி உண்டு: பொறித்த முத்திரையின் விளிம்புகள் வழவழவென்று நிரம்பி, குழிக்குள்ளும் பளபளப்பு சமமாக இருக்கும்.

இத்தனை முத்திரைப் பாடமும் சென்னையில் செய்த சாமான் வந்தால் கைகொடுக்காது. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் லண்டன், பர்மிங்காம் போலச் சோதித்து முத்திரையிடும் அரசுச் சாலை இருக்கவில்லை. கல்கத்தாவின் ஹாமில்டன், மதராஸின் பி. ஆர் அண்டு சன்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் சொந்த முத்திரையை மட்டும் பதித்தன. ஆகவே சிங்கம் இல்லை என்பதால் வெள்ளி இல்லை என்று இங்கே சொல்லிவிட முடியாது. நாட்டுப் பட்டறைகளில் ஆசாரிகள் ஆங்கிலேய மாதிரியைப் பார்த்துச் செய்த கரண்டிகளில் எந்த முத்திரையும் இல்லாமலும் இருக்கும். தராசின் அருமை அப்போதுதான் தெரியும்.

ஸ்டெர்லிங் வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10.3 முதல் 10.4 கிராம், ஜெர்மன் சில்வருடையது 8.7 கிராம் அளவில். துருப்பிடிக்காத எஃகு எட்டுக்கும் கீழே. மெல்லிய முலாம் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. எனவே எடையையும் கன அளவையும் கண்டுபிடித்தால் கரண்டியைக் கீறாமலேயே உள்ளே இருப்பதை அறியலாம். தராசின் மேல் ஒடுக்கமான, உயரமான பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் வைத்து, அளவைச் சுழியாக்கிவிட்டு, தேநீர்க் கரண்டியை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுமையாகத் தொங்கவிட வேண்டும். அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது. அப்போது தராசு காட்டும் கிராம்தான் கரண்டியின் கன அளவு. முத்திரையில்லாத ஒரு கரண்டி 24.80 கிராம் இருந்தது. தண்ணீருக்குள் இறக்கியபோது 2.40 என்று காட்டியது. வகுத்தால் 10.33. அதே வடிவில், அதே கட்டில் வந்த இன்னொன்று 23.10 கிராம்; தண்ணீரில் 2.66. வகுத்தால் 8.68. கண்ணுக்கும் கைக்கும் இரட்டையராக இருந்தவை இந்தச் சோதனையில் பிரிந்துவிட்டன. முள்கரண்டியை இறக்கும்போது முட்களுக்கிடையே காற்றுக்குமிழி ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் அது விலகிவிடும். குமிழியோடு அளந்தால் கன அளவு கூடிக் காட்டி, நல்ல வெள்ளியே முலாம் போலத் தோன்றும்.

தராசின் குறையையும் சொல்ல வேண்டும். நூறில் ஒரு கிராம் வரை காட்டுவது பாராட்டத்தக்கது, ஒரே பொருளை மீண்டும் மீண்டும் வைத்தாலும் அளவு பெரிதாக அசைவதில்லை. ஆனால் 200 கிராமுக்கு மேல் ஏற்காது என்பதால், பெரிய மேசைக் கரண்டி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வைத்தால் தராசு மூச்சடைத்துக் கைவிரித்துவிடுகிறது. தேநீர்க் கரண்டிக்கே டம்ளரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 500 கிராம் தராசு வைத்திருந்தால் பெட்டியின் விலை கொஞ்சம்தான் கூடியிருக்கும், பயன் இரட்டிப்பாகியிருக்கும்.

கத்திகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. பழைய மேசைக் கத்திகளின் கைப்பிடி மெல்லிய வெள்ளித் தகட்டாலான கூடு; உள்ளே அரக்கு, பிசின் போன்றவற்றை ஊற்றி நிரப்பி எஃகு அலகைப் பொருத்தியிருப்பார்கள். கைப்பிடியில் அசல் சிங்க முத்திரையே இருந்தாலும் மொத்த எடையை வெள்ளி விலையால் பெருக்கிவிடக் கூடாது. எடைக்கு விற்பவரிடம் கத்தியை மட்டும் தனியாக ஒதுக்கச் சொல்லிவிட வேண்டும்.

இனி அமிலம். நைட்ரிக் அமிலத்தில் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைத்த கரைசல் இது. உரைகல்லில் பொருளை உரசிக் கோடு இழுத்து, கோட்டின் மேல் ஒரு துளி விட்டால், வெள்ளி கரைந்து டைகுரோமேட்டோடு சேர்ந்து சிவப்பாகப் படியும். தூய வெள்ளிக்குப் பளிச்சென்ற சிவப்பு, ஸ்டெர்லிங்குக்கு அடர் சிவப்பு, 800 தரத்துக்குப் பழுப்பு, பாதி வெள்ளிக்குப் பச்சை. செம்பும் பித்தளையும் கரும்பழுப்பாகும். என் கையிலிருந்த லண்டன் கரண்டியோடு ஒப்பிடுவதற்காக ஒரு முனை உடைந்த ஸ்டெர்லிங் துண்டை உரசிப் பார்த்தேன். அடர் சிவப்பு தெளிவாக வந்தது. அமிலம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

கோளாறு, அதைப் பயன்படுத்தச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. பொருளை மென்மையாக உரசுங்கள், சிவப்பு வந்தால் அசல் வெள்ளி என்று விளக்கத்தாள் சொல்கிறது. ஈ.பி.என்.எஸ். முள்கரண்டியை மென்மையாக உரசினால் கல்லில் ஒட்டுவது முலாம்; முலாம் தூய வெள்ளி; ஆகவே சிவப்பு கட்டாயம் வரும். உண்மையில் அது ஸ்டெர்லிங்கைவிடப் பளிச்சென்றே வரும். முலாமை அரத்தால் ஊடுருவி, உள் உலோகம் தெரியும் வரை சிறு வெட்டு போட்டு, அந்த வெட்டைத்தான் உரச வேண்டும். பெட்டியில் அரத்தை வைத்துவிட்டு அதை எதற்குப் பயன்படுத்துவது என்று ஒரு வார்த்தையும் எழுதாத பெட்டித் தயாரிப்பாளரை என்னவென்று சொல்வது? அரம் வைப்பதென்றால் காம்பின் பின்பக்க ஓரத்தில், கண்ணில் படாத இடத்தில் வைக்க வேண்டும். முத்திரைக்கு அருகே ஒருபோதும் வைக்கக் கூடாது. அமிலத்தை நேரடியாகப் பொருளின் மேல் விடச் சொல்லும் காணொளிகளும் உண்டு, கறை நிரந்தரமாகிவிடும்.

பாதுகாப்பு பற்றிய மௌனம் இன்னும் மோசம். டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் நச்சு. நைட்ரிக் அமிலம் தோலில் பட்டால் மஞ்சள் தழும்பு விழும். கையுறை பெட்டியில் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. புட்டியின் மூடி இறுக்கமாக இல்லாததால் வந்த நாளிலேயே கழுத்தில் லேசாகக் கசிந்திருந்தது. துடைத்த பஞ்சையும் கழுவிய நீரையும் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. சமையல் சோடா அமிலத்தை மட்டுமே அடக்கும், குரோமியத்தை அடக்காது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தப் புட்டியை வைத்திருக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காந்தம் எஃகை மட்டும் காட்டிக்கொடுக்கும். ஜெர்மன் சில்வரும் வெள்ளியும் அதற்கு ஒன்றுதான். பெட்டியில் சொல்லாத ஓர் எளிய சோதனை இதைவிட உதவியது: கொதிக்கும் நீர் ஊற்றிய டம்ளரில் இரண்டு கரண்டிகளை ஒரே நேரத்தில் வைத்து காம்பு நுனியைத் தொட்டால், வெள்ளிக் கரண்டி சில நொடிகளில் சுடும், ஜெர்மன் சில்வர் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும்.

வெளியே சோதிக்கும் வசதியோடு ஒப்பிடாமல் இந்த மதிப்பீடு முழுமை பெறாது. டச் பார்க்கும் கடைகளிலும், ஹால்மார்க் மையங்களிலும் எக்ஸ்ரே கருவியால் சில நிமிடங்களில், பொருளைக் கீறாமல், சிறு கட்டணத்தில் அச்சிட்ட சீட்டுத் தருகிறார்கள். ஆனால் அந்தக் கதிரும் மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கைத்தான் படிக்கிறது. ஏ1 முத்திரையுள்ள என் முள்கரண்டியைக் காம்பில் வைத்துப் பார்த்தபோது வெள்ளி 98க்கு மேல் என்று வந்தது. கருவியை இயக்கியவர் விவரமானவர். “சார், வெள்ளைக்காரங்க ஸ்பூன் 92, 93ன்னு வந்தாத்தான் நம்பலாம். இது ரொம்பச் சுத்தமா இருக்கே, அதான் இடிக்குது” என்றார். அதே முள்கரண்டியைத் திருப்பி, தேய்ந்த முள் நுனியைக் கதிருக்கு நேராக வைத்தார்; திரையில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் வரிசையாக ஏறின. கருவி என்னவோ ஒன்றுதான். எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று தெரிந்தவர் கையில் இருந்தால்தான் அது உண்மை பேசுகிறது. அத்தகையவர் பக்கத்தில் இருக்கிறார் என்றால், முத்திரையில்லாத ஒன்றிரண்டு கரண்டிகளுக்காக இந்தப் பெட்டியை வாங்க வேண்டியதில்லை.

அடிக்கடி பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்கள், பெட்டியாக வாங்காமல், ஒரு நல்ல பத்து மடங்கு லென்ஸையும் 500 கிராம் தராசையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம். செலவு ஏறத்தாழ ஒன்றுதான். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அமிலப் புட்டியைக் கெட்டிமூடியுள்ள கண்ணாடிக் குப்பிக்கு மாற்ற முயல வேண்டாம், அந்த முயற்சியில்தான் கை படும். புட்டியை அப்படியே ஒரு தடித்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நிமிர்த்தி வைத்து, லென்ஸிலிருந்தும் தராசிலிருந்தும் விலக்கி, பூட்டும் அலமாரியில் வைக்கவும். என்னுடைய தராசின் தட்டில் அமில ஆவி பட்டு இப்போதே ஒரு பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது.